ஐம்பது பியா

மோல்மேன் கச்சேரி வாசலில்
வாதாமர நிழல் நகர நகர
நானும் பலகையை இழுத்துக்கொண்டு நகர்வேன்.
மனு ஒன்றுக்கு ஐம்பது பியா.
மேலே பர்மியம், கீழே தமிழ், தேதி, ஒப்பம்.

சீரங்காயி வந்து குத்தவைத்தாள்.
"கடை வேணாம்னு எழுதணுமாம்.
எழுதினாத்தான் கப்பல்ல ஏத்துவானாம்."

கடை அவளிடம் இல்லை.
அதன் நெற்றியில் இப்போது
மக்கள் கடை, எண் பத்தொன்பது.
புளி அளந்த படியைக்கூட
எண்ணிக் கணக்கில் ஏற்றியிருந்தார்கள்.

வேணாம் என்பது சர்க்கார் காதில் ஏறாது.
விட்டுவிட்டேன் என்றால் பஸ்ஸை விட்டவள் மாதிரி.
கைவிட்டேன் என்றால், ஐயோ, பிள்ளையையா?
"துறக்கிறேன்னு போடுவோம்"
தொண்டையைச் செருமிக்கொண்டுதான் சொன்னேன்.

சிரித்தாள்.
"எம் மூத்தவன் தெருப்பிள்ளைகளோட
ஏழு நாள் மொட்டையும் காவியுமா
பொங்கி மடத்துல கெடந்தான்.
எட்டாம் நாள் வந்து நெத்திலிக் குழம்பு கேட்டான்.
அவன் துறந்தான், சரி.
அவன்கிட்ட கொழம்பு இருந்துச்சு.
பிடுங்கினத எப்படிய்யா துறக்குறது?"

நூற்பா தேடினேன்.
செயப்படுபொருள் யார் கையில் இருக்கிறது என்று
எந்த வினைச்சொல்லும் விசாரிப்பதில்லை.

பர்மியத்தில் சுன் என்பார்கள், என்றேன்.
தானம் செய்தாலும் சுன்,
வேண்டாததை வீசினாலும் சுன்,
கொல்லைக்குப் போவதை
நாகரிகமாகச் சொன்னாலும் அதே சுன்தான்.

"அப்ப மூணாவது அர்த்தத்துல போடுங்க."

போட்டேன்.
தமிழுக்கு இறங்கும்போது கை வேர்த்திருந்தது.
கீழே விழ வேண்டிய கோடு
மேலே வளைந்துவிட்டது.
கடைப் பலகையில் எழுத்துக்கூட்டிப் பழகியவள்
விரல் வைத்துப் படித்தாள்:
கடையை… முழுமனதோடு… தி… திறக்கிறேன்.

மையழிக்கும் காகிதத்தைத் தேடிய என் மணிக்கட்டை
அவள் பிடித்தாள். உப்புக் கரித்த, கனத்த பிடி.

உள்ளே ஊ பா தின்
மேல்பாதியை மட்டும் வாசித்தார்.
தமிழ் அவருக்குப் பூச்சி ஊர்ந்த தடம்.
முத்திரை விழுந்தது
ஊதாநிறத்தில், கோணலாக,
சரியாக அந்த வினையின் மேல்.

நகலை நான்காக மடித்து
சாவி தொங்கிய இடுப்பில் செருகிக்கொண்டாள்.
காசை எண்ணி வைத்தாள்.
நாற்பது இருந்தது.

"எழுத்துப் பிழைக்குப் பத்து கழிச்சிருக்கேன்."