தலை எண்ணிக்கை

ஓவிய ஆசிரியை திருமதி கோவுக்கு டெங்கிக் காய்ச்சல்.
ஆகவே கணக்கு ஆசிரியை நான்
உயர்நிலை இரண்டாம் வகுப்பை
கலை பார்க்கக் கூட்டிப் போகிறேன்.

பேருந்தில் முப்பத்தாறு.
ஆயர் ராஜா விரைவுச்சாலை நெரிசலிலும் முப்பத்தாறு.
தஞ்சோங் பகாரில், துறைமுகத்தை ஒட்டிய
பழைய கிடங்கு வாசலில் இறங்கியதும்
ஜெரால்டு குனிந்து காலணி நாடா கட்டிக்கொண்டிருந்ததால்
இரண்டு முறை எண்ணி, முப்பத்தாறு.

தொடக்கூடாது, ஓடக்கூடாது, சாப்பிடக்கூடாது
என்றார் வழிகாட்டி இளைஞர்.
கேள்வி கேட்கலாம் என்றும் சொன்னார்.
யாரும் கேட்கவில்லை.

முதல் அறையில் இருபது மின்விசிறிகள்
சுவரைப் பார்த்துச் சுழன்றன.
எங்களுக்கு வியர்த்தது.
அடுத்த அறையில் உப்பு.
குன்றாகக் குவித்த உப்பு, ஒரு டன் என்றது சுவர்க்குறிப்பு.
கிராமில் சொல்லுங்கள் பார்க்கலாம் என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
அதற்கடுத்து இருட்டு.
இருட்டுக்குள் யாரோ இருமினார்கள்.
அது ஒலிபெருக்கியா, நம் இஸ்ஸாத்தியா என்று
எனக்கு இன்றுவரை தெரியாது.

வெளிச்சத்துக்கு வந்து எண்ணினேன்.
முப்பத்தைந்து.
பெண்கள் பதினேழு, சரி.
ஆண்கள் பத்தொன்பது இருக்கவேண்டும், பதினெட்டு.
மீதியின் பெயர் தர்வின்.

கழிப்பறையில் இல்லை.
விசிறிகளிடம் இல்லை.
உப்புக் குன்றைச் சுற்றி வந்தேன், ஒருமுறை
உப்பையே உற்றுப் பார்த்தேன்,
காலடித் தடம் ஏதுமில்லை.
பள்ளி முதல்வரின் முகம் அடிவயிற்றில் தோன்றி மறைந்தது.

தாழ்வாரக் கோடியில் கிறீச்சென்று
ஒரு வலைக்கதவு திறந்தது.
வகுப்பறை அகலத்தில் சரக்கு மின்தூக்கி.
உள்ளே, மரப்பெட்டிகளுக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே
சம்மணமிட்டு எழுதிக்கொண்டிருந்தான்.

"மூணு தடவ மேல கீழ போயிட்டு வந்துட்டாப்ல, டீச்சர்.
ஸ்கூல் வேலன்னு சொன்னாப்ல, நானும் விட்டுட்டேன்."
மஞ்சள் மேலங்கி. மார்பு அட்டையில் சேதுபாண்டி.

பயிற்சித்தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

என்ன பார்க்கிறாய்?
சுவர் மேலே போகிறது. நான் போகவில்லை.
எதனால் செய்யப்பட்டது?
இரும்பு, கீறல், பழைய எண்ணெய், ஓர் அண்ணன்.
என்ன நினைக்கிறாய்?
ஐயாயிரம் கிலோ அல்லது அறுபத்தாறு பேர் என்று போட்டிருக்கிறது.
எங்கள் வகுப்பு முழுக்க ஏறினாலும்
அண்ணனின் பெட்டிகளுக்கு இடம் இருக்கும்.
எது புரியவில்லை?
தலைப்பை எங்கே ஒட்டியிருக்கிறார்கள்?

ஐயாயிரத்தை அறுபத்தாறால் வகுத்தேன், பழக்கதோஷம்.
ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ சொச்சம். சரி.
தர்வின், இது கலைப்பொருள் இல்லை
என்ற வாக்கியம் தயாராக இருந்தது.
அதற்குள் அவர் கேட்டார்:
"டீச்சர், போன மாசம் நாந்தான் ஏத்துனேன்,
நாப்பது மூட்ட. ஒவ்வொண்ணும் இருவத்தஞ்சு கிலோ.
உள்ள என்னதான் பண்ணுனாங்க அத?"

"கொட்டி வச்சிருக்காங்க."

"கொட்டி?"

"குவியலா."

கொஞ்ச நேரம் யோசித்தார்.
"அப்ப திரும்ப அள்ளணும்ல" என்றார்.

நாற்பது பெருக்கல் இருபத்தைந்து.
சுவர்க்குறிப்பு பொய் சொல்லவில்லை.

மின்தூக்கியிலேயே இறக்கிவிடுகிறேன் என்றார்.
வழிகாட்டி இளைஞர் விதிமுறை என்று ஏதோ தொடங்கி
அவரும் ஏறிக்கொண்டார்.
கதவு மூடியது.
யாரும் பேசவில்லை.
இருட்டறையில்கூட இவர்கள் இப்படி இருந்ததில்லை.
சுவர் மேலே போனது.

எண்ணினேன். முப்பத்தெட்டு.
யாரையும் கழிக்கத் தோன்றவில்லை.

கீழே பேருந்தில் முப்பத்தாறு.
ஜெரால்டின் நாடா மறுபடி அவிழ்ந்திருந்தது.