இரண்டு விரல்

சேணம் முதுகில் பட்டதும்
மெர்பாத்தி மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள்.
வயிறு பானையாகிறது.
வயிற்றுவார் இறுகிவிட்டதென்று நம்பி
இந்த மாதம் ஏறியவர்கள் மூவர்.
இரண்டாம் சுற்றில்
சேணத்தோடு பக்கவாட்டில் தொங்கியவர்களும்
அதே மூவர்.

கள்ளி, என்கிறான் புஷ்பநாதன்.
முழங்காலை அவள் விலாவில் ஊன்றி
இழுக்கிறான், இன்னும் ஒரு துளை, இன்னும் ஒன்று.
அவள் கழுத்தைத் திருப்பி
அவன் சட்டைக் கையைக் கவ்வினாள்.
பொத்தான் மரத்தூளில் எங்கோ கிடக்கிறது.

நான் வேறொன்றைப் பார்த்தேன்.
முன்னங்கால் உடலோடு சேரும் இடத்துக்குப் பின்னால்,
உள்ளங்கை அகலத்தில்,
மயிர் முறிந்து ஒரு பொட்டல்.
புக்கிட் கியாராவில் மழை விட்ட புழுக்கத்தில்
அங்கே விரல் வைத்தேன்.
சோற்றுப் பானையின் வெளிப்பக்கம் போலச் சுட்டது.

இருந்த வார்களை எல்லாம் இறக்கினேன்.
தோல் வார் குறுகல், சதையைக் கிள்ளுகிறது.
ரப்பர் வாருக்கு அடியில் வியர்வைக்குப் போக இடமில்லை.
ஆட்டு ரோம உறை போட்ட வாரைத்தான்
எல்லாரும் மெச்சினார்கள்.
இந்த ஊர்க் காற்றில் மூன்று நாளாகியும் காயவில்லை,
நான்காம் நாள் அதில்
பச்சையாய் ஏதோ பூத்திருந்தது.
ஒரு பக்கம் மட்டும் இழுபடும் வார் ஒன்று:
இழுபடும் பக்கம் போகிறது, இழுபடாத பக்கம் அறுக்கிறது.
அளவுநாடாவை வயிற்றின் கீழே கொண்டுபோனேன்.
நாற்பத்தெட்டு அங்குலம்.
இத்தனை நாளும் நாற்பத்திரண்டைக் கட்டிவிட்டு
குணம் சரியில்லை என்றிருக்கிறோம்.

மெர்பாத்திக்குக் கடவுச்சீட்டு உண்டு.
நியூசிலாந்தில் பிறந்தவள்.
நெற்றியில் சுழி எங்கே, காலில் வெள்ளை எதுவரை,
படம் வரைந்து முத்திரை குத்தியிருக்கிறார்கள்.
நான் கிள்ளானில் பிறந்தவள்.
என்னிடம் இருப்பது சிவப்பு அட்டை.
புத்ராஜெயாவில் என் எண்ணைக் கூப்பிடும்போது
வயிற்றை இறுக்கிக்கொண்டு நிற்பேன்.
மூச்சு விட்டால்
எதையோ விட்டுக்கொடுத்தது போல.
அதனால்தான்
அவளைக் கள்ளி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஷா ஆலாமில் ஒரு கடை.
நடுவில் அகலம், கால் மடங்கும் இடத்தில்
பிறை போல வெட்டு,
இரு முனையிலும் ஒரே அளவு இழுவை.
முந்நூற்று எண்பது ரிங்கிட்.
வயிற்றுக்குப் போடும் பட்டைக்கா, என்றார்
என்சிக் ஹஃபீசுடின்.
விழுந்தவர்களின் மருத்துவச் சீட்டு மூன்றையும்
மேசையில் பரப்பினேன்.
அவர் பேனாவைத் தேடினார்.

இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பார்கள்.
யாருடைய இரண்டு விரல்?
புஷ்பநாதனின் இரண்டு
என் மூன்றரை.
நான் என் விரலையே வைத்தேன்.
முன்னங்கால்களை ஒவ்வொன்றாய்த் தூக்கி
முன்னால் இழுத்தேன், மடிந்த தோல் நேராகட்டும் என்று.
முதல் துளையில் விட்டுவிட்டு
கொட்டகையைச் சுற்றி நடந்தோம்,
தண்ணீர்த் தொட்டிவரை, திரும்ப மாமரம்வரை.
எங்கோ நடுவில்
புஸ்ஸென்று விட்டாள் மூச்சை.
பிறகு ஒரு துளை. போதும்.

கேத்ரின் ஓங் ஏறினாள்.
ஒரு சுற்று, இரண்டு, நான் எண்ணுவதை நிறுத்தினேன்.

வாரைக் கழற்றியபோது
வியர்வை இருபுறமும் சீராய் நனைந்திருந்தது,
காய்ந்த திட்டு எங்கும் இல்லை.
குழாயைத் திறந்து கழுவிவிட்டேன்.
பொட்டலான இடம் அப்படியேதான் இருக்கிறது.
மயிர் முளைக்குமாம்.
வெள்ளையாய் முளைக்குமாம்.