அக்டோபரில் அறுக்க வேண்டும்

மே மாதம் குளத்துக்கு முகமே இல்லை.
பட்டாணி சூப் நிறத்தில் தண்ணீர்,
கையை விட்டால் மணிக்கட்டோடு கை முடிந்துவிடும்.
ஏழு தங்கமீன்களும் வதந்தியாகிவிட்டன.

ரைன்டர் கடையில் தந்த விளம்பரத்தாளை
ஃப்ரிட்ஜில் ஒட்டிவைத்தான்:
புற ஊதா விளக்கு, புதுப் பம்பு, இரண்டாண்டு உத்தரவாதம்.
வேண்டாம் என்றேன்.
லேயுவார்டன் மருத்துவமனையில்
பிறர் ரத்தத்தைக் கழுவும் யந்திரங்களுக்கு நடுவே
நாள் முழுக்க நிற்கிறேன்.
வீட்டிலும் ஒன்று முனக வேண்டாம்.

கால்வாய் தூர்வாரும் ஆட்கள்
கரையில் குவித்த பச்சையிலிருந்து நான்கு வாளி.
கேட்டுத்தான் எடுத்தேன்.
"தூக்கி எறிய எங்களுக்குச் சம்பளம்,
நீ சும்மா சுமக்கிறாயே" என்று ஒருவன் சிரித்தான்.

மஞ்சள் ஐரிஸ், சம்பங்கோரை, நீர்ப்புதினா,
வேரே இல்லாத கொம்புப்பாசி ஒரு கொத்து.
மண் வைக்கவில்லை, சரளைக்கல் மட்டும்.
பசியோடு இருக்கட்டும்.
மீன் கழித்ததையும் இலை அழுகியதையும்
பச்சைத் தண்ணீர் தின்பதற்குள் இவை தின்ன வேண்டும்.
கொல்வதல்ல,
பட்டினி போடுவது.

ஜூனில் இன்னும் மோசம்.
ரைன்டர் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமலிருப்பதையே உரக்கச் சொன்னான்.
சிட்ஸ்கே வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து
"உப்புப் போட்டாயிற்றா?" என்றாள்.

ஜூலை பதினொன்று. இரவு வேலை முடிந்து வந்து
சீருடையோடு குனிந்தேன்.
அடி தெரிந்தது.
அழகாக ஒன்றுமில்லை:
செத்த பம்பின் கறுப்பு வயர்,
ஒரு சூப் கரண்டி,
விரிப்பில் நீளமாய் ஒரு கிழிசல்.
வாராவாரம் நீர் குறைந்ததற்கு
வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தோம்.
மீன்கள் ஏழல்ல, பத்தொன்பது.

ரைன்டர் வெறுங்காலோடு வந்து நின்றான்.
விளம்பரத்தாளைக் கிழித்தெடுத்து
அதன் பின்பக்கத்தில்
'ஒட்டுப்பசை' என்று எழுதிக்கொண்டு போனான்.

யந்திரம் பிரித்ததை வெளியே தள்ளிவிடும்.
செடி அப்படியில்லை,
தின்றதைத் தானாகவே ஆக்கிக்கொள்கிறது.
கழிவு தண்டாகி, தண்டு மடலாகி,
தலைக்கு மேல் உயர்ந்து நிற்கிறது;
வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள்.
ஆனால் உறைபனி விழுந்ததும்
முழங்கால் ஒடிந்தது போல நீருக்குள் சாயும்.
சாயவிட்டால்
கோடை முழுக்க வாங்கிய கடனை
ஒரே வாரத்தில் குளத்துக்கே அடைத்துவிடும்.

ஆகவே அக்டோபர்.
குறுக்கே ஒரு பலகை, அதில் மண்டியிட்டு நான் அறுக்க
அவன் கட்டுகிறான்.
விரலெல்லாம் புதினா, அதன் அடியில் சேறு.
மூன்றாம் படுக்கைக்காரர் நாளை கேட்பார்,
ஊசி ஏற்றும்போது எப்போதும் கேட்பார்,
குளம் எப்படி என்று.

ஈரக்கட்டை உரக்குழிக்கு இழுக்கிறோம்.
பாதி வழியில் ரைன்டர் நிறுத்தி
மூச்சு வாங்குகிறான்.
"இவ்வளவுமா அதற்குள் இருந்தது?"