காரணம் என்ற கட்டம்

ஷ்கோதர் ஏரியிலிருந்து ஏறிவந்த மூடுபனி
விடுதியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.
பதினெட்டு நாட்டு ஆவணக் காப்பாளர்கள்
கழுத்தில் பெயரட்டையோடு உட்கார்ந்திருந்தார்கள்.
ஆற்றில் கொட்டினாலும் அளந்து கொட்டுகிறவர்கள்;
கொட்டியதற்கு ரசீது வைத்திருப்பவர்கள்;
அந்த ரசீதை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்று
முற்பகல் முழுக்க வாதாடியவர்கள்.

நான் உள்ளூர்க்காரி.
கூட்டக் குறிப்பு எழுத நாள்கூலிக்கு வந்தவள்.
முதல் ஆறு பொருளும் என் விரல்களிலேயே தூங்கிவிட்டன:
சந்தா பாக்கி, அமிலமற்ற அட்டையின் விலை,
மின்னஞ்சல் பதிவேடா இல்லையா,
அடுத்த மாநாடு மொண்டேவீடியோவிலா கபரோனிலா.

ஏழாவது, ஓர் உறுப்பினர் மீது புகார்.
திராண்டே குரூதி. நகரக் காப்பகம், ஓய்வு.
தொண்ணூற்றொன்றில்
எரிக்கச் சொல்லி வந்த உத்தரவை மடித்துக்
கையுறைக்குள் செருகிக்கொண்டு
ரகசியக் காவலின் நாற்பத்தொரு பெட்டிகளை
கழுதை வண்டியில், மேலே முட்டைக்கோஸ் பரப்பி,
மூன்று இரவில் வீடு சேர்த்தவள்.
பத்தொன்பது குளிர்காலம்
உருளைக்கிழங்கு மூட்டைகளோடு அவை கிடந்தன.
விறகு தீர்ந்த நாட்களிலும்
அடுப்பு அந்தப் பக்கம் திரும்பவில்லை.
பிறகு ஒரு காலையில் காப்பகத்தின் படியில் இறக்கி வைத்தாள்.
போன ஆண்டு ஏதோ வழக்கில் அவற்றைச் சாட்சிக்கு இழுத்தபோது
கேள்வி வந்தது.

விதி தெளிவு, என்றார் பின்லாந்தின் ஆர்மாஸ்.
கைமாறிய சங்கிலியில் ஒரு கண்ணி விட்டால்
காகிதம் சாட்சி சொல்லாது.
விதியைப் போட்டவனே தீ வைக்கச் சொன்னால்
சங்கிலி யார் கையில், என்று மேசையைத் தட்டினார்
உருகுவேயின் ஓலாசாபல்.
ஒரு விருது கொடுத்துவிடலாமே, என்றது பின்வரிசை.
தலைவர் மொஹாபி அம்மையார்
பேனா மூடியைத் திறந்தார், மூடினார்.

திராண்டே எழுந்தாள்.
விருதுக்கு நன்றி சொல்லவில்லை, விதியை மறுக்கவும் இல்லை.
"இருபத்து மூன்றாம் பெட்டி. ஆறாவது கட்டு.
நூற்றுப் பன்னிரண்டாம் தாள் இல்லை.
எரித்தது நான்.
என் தம்பி பாஷ்க் யார் யாரைக் காட்டிக்கொடுத்தான் என்று
அதில் இருந்தது.
உயிரோடுதான் இருக்கிறான்.
ஞாயிறு மதியம் என் வீட்டில்தான் சாப்பிடுகிறான்."

வெப்பக்குழாய் மட்டும் கொடகொடத்தது.

"எடுத்த இடத்தில் இளஞ்சிவப்புச் சீட்டு வைத்திருக்கிறேன்,
நம் கையேட்டில் உள்ளபடி.
ஒரு தாள் எடுக்கப்பட்டது. தேதி. கையொப்பம்.
காரணம் என்ற கட்டம் மட்டும் காலி.
இன்று நிரப்பிக்கொள்ளுங்கள்."

அந்தச் சீட்டை நான் பார்த்திருக்கிறேன்.
அப்பாவின் கதை நூற்றுப் பதினொன்றில் வாசல்வரை வரும்;
நூற்றுப் பதின்மூன்றில் அவர் ஏற்கெனவே சிறையில்.
நடுவில் இளஞ்சிவப்பு.
பூச்சி அரித்திருக்கும் என்று
கட்டைக் கட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டு
பேருந்து பிடித்தேன்.

ஓலாசாபல் கூரையைப் பார்த்தார்.
ஆர்மாஸ் விதிப்புத்தகத்தைப் புரட்டினார்,
பக்கம் தேடுகிறவர் போல அல்ல.
விருது என்றவர் காபிக்குப் போயிருந்தார்.

உயிரோடிருப்பவரின் பெயர், என்றார் மொஹாபி
என் பக்கம் திரும்பி, மெதுவாக.
குறிப்பில் வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.
அவருக்கு என்னைத் தெரியாது.
திராண்டேவுக்கும் தெரியாது.
என் பெயரட்டையில்
"குறிப்பாளர்" என்று மட்டும் இருந்தது.

எழுதினேன்.
பாஷ்க் குரூதி, எழுத்துப் பிழையில்லாமல்.
அதன் கீழே: எழுபது ஆண்டு மூடி வைக்கப் பரிந்துரை.
முன்மொழிந்தவர் என்ற இடத்தில்
யாரும் சொல்லாததால்
யாரையும் போடவில்லை.

முடிவு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது.
வெளியே பனி விலகாமலே மாலையாகியிருந்தது.
வாசலில் திராண்டே என்னிடம் பேனா கேட்டாள்;
காலையில் வருகைப் பதிவேட்டில்
கையெழுத்திட மறந்துவிட்டதாம்.
கொடுத்தேன்.
இட்டாள்.
பக்கத்தில், தாமதமாக இட்டது என்று
நேரத்தையும் எழுதினாள்.