பொருள் எண் பதினான்கு

பதின்மூன்று, நாய் உரிமக் கட்டணம்.
ஒருமனதாக நிறைவேறியது.
மணி எட்டேகால். வெளியே பனி
நகர மன்றத்தின் படிகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது.
பதினான்கு, ஓவியக் கூடம்.
கேட்ட தொகை எண்பத்தாறாயிரத்து நானூறு டாலர்:
கூரைக்கு, ஈரப்பதம் காக்கும் எந்திரத்துக்கு,
ஒன்றரை ஆள் சம்பளத்துக்கு.

அந்த அரை ஆள் யாரென்று எவரும் கேட்கவில்லை.

மெய்ன் மாநிலத்தில் காகித ஆலை மூடிய ஊர் இது.
நான் இதன் குறிப்பெழுத்தர்.
பதினேழு வருடமாக
மற்றவர் பேச்சைச் சுருக்கிச் சம்பளம் வாங்குகிறேன்.
பெருமூச்சுக்குச் சுருக்கெழுத்து கிடையாது.
மேசைக்கடியில் ஓர் உறுப்பினர்
பூட்ஸ் கழற்றிக் கால் ஆற்றுவதை
எந்தத் தலைப்பின் கீழும் போட முடியாது.

நார்மண்ட் ஷுவினார் பேசினார், மூன்றாவது வார்டு.
முப்பது குளிர்காலம் பனிவாரி ஓட்டிய கை
மைக்கின் கழுத்தைக் கியர் தடியாய்ப் பிடித்தது.
அவருக்கு உலகமே உப்பில்தான் அளவு.
பள்ளிக் கொதிகலனா, முந்நூறு டன்.
போலீஸ் வண்டியா, எழுநூறு.
டன் எழுபத்திரண்டு டாலர் என்று வகுத்து,
"ஆயிரத்து இருநூறு டன்" என்றார்.
"சாலையில் போட வேண்டிய உப்பைச்
சுவரில் மாட்டச் சொல்கிறீர்களா?"
அரங்கம் சிரித்தது.
நானும்.

"வருஷத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள்?"
கதவிலிருந்த எண்ணுங்கருவி
நவம்பரிலேயே செத்துவிட்டது என்றார்
இயக்குநர் வினிஃப்ரெட் ஹாதார்ன்.
மாற்ற இருநூற்றுப் பத்து டாலர்.
அதுவும் இந்தத் தொகைக்குள்தான் இருக்கிறதாம்.
தாளைப் புரட்டும் சத்தத்தில் அவர் குரல் கரைந்தது.

பொதுமக்கள் நேரம். ஆளுக்கு மூன்று நிமிடம்.
சிவப்பு விளக்கை எரியவிடுவதும் என் வேலை.
ஒடீல் மிஷோ, வாரம் இருபது மணி நேரம்
கூடத்தின் தரை துடைப்பவர்.
அரை ஆள்.

"நார்மண்ட், உன் உப்பு எங்கே போகிறது தெரியுமா?
பூட்ஸில் ஏறி என்னிடம் வருகிறது.
காய்ந்தால் வெள்ளை வளையம்.
எந்தப் படத்துக்கு முன்னால் எத்தனை வளையம்,
கருவிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.
ஆற்றில் மஞ்சள் நுரை மிதக்கிறதே, ஆலை வாசலிலிருந்து வரைந்தது,
அங்கேதான் அதிகம்.
வந்தவர்கள் நகர்வதில்லை. உப்பு கெட்டியாகிவிடும்.
வெந்நீர் வேண்டும். இரண்டு தடவை.
ஜனவரியில் நாளைக்கு மூன்று வாளி.
போன வாரம்கூட ஒரு ஜோடி,
பதின்மூன்றாம் நம்பர், நகராட்சி கொடுக்கிற பூட்ஸ்,
இடது குதிகாலில் வெட்டு.
யாருடையதென்று சொல்ல மாட்டேன்."

நார்மண்ட் கால்களை
நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டார்.
பார்த்தேன். எழுதவில்லை.
மூன்று நிமிடம் தாண்டிப் பத்தொன்பது வினாடி
என் விரல் பொத்தான் மேலேயே இருந்தது.
அதையும் எழுதவில்லை.

அவர் மனம் மாறிவிட்டாரென்று நினைக்காதீர்கள்.
எதிர்த்தே கை தூக்கினார்,
முழங்கை வரை மட்டும்.
திருத்தம் ஒன்று வந்தது: பாதித் தொகை.
கூரை உண்டு.
எந்திரம் அடுத்த ஆண்டு பார்க்கலாம்.
ஒன்றரை ஆள் இனி ஓர் ஆள்.
நான்குக்கு மூன்று.
கைதட்டினார்கள். ஒடீலும் தட்டினார்.
கணக்கு அவருக்குப் புரிந்ததா,
புரிந்துதான் தட்டினாரா, தெரியவில்லை.

என் குறிப்பில் இரண்டே வரி:
பொதுமக்கள் கருத்துக் கூறினர்.
திருத்தத்துடன் நிறைவேறியது.

பொருள் என்றால் எங்கள் நிகழ்ச்சிநிரலில்
பேசி முடிக்க வேண்டியது என்றுதான் பொருள்.

ஜூலையில் நிதியாண்டு பிறந்தது.
டிசம்பரில், முதல் பனிக்கு மறுநாள், நான் போனேன்.
கூரை ஒழுகவில்லை.
மஞ்சள் நுரைக்கு முன்னால்
வளையத்தின் மேல் வளையம், வாரக்கணக்காய்.
ஓரத்தில் ஒன்று இன்னும் ஈரம்,
குதிகாலில் வெட்டு.

வினிஃப்ரெட் ஹாதார்ன் கோட்டைக் கழற்றாமலே
துடைப்பத்தோடு வந்தார்.
குழாய்த் தண்ணீர்.
தேய்க்கத் தேய்க்கத் தரை முழுக்க
வெள்ளை மேகமாய்ப் பரவியது.

"வெந்நீர் வேண்டும்," என்றேன். "இரண்டு தடவை."

"யார் சொன்னது?"

"குறிப்பில் இல்லை."