பிழைக்கு முக்கால் மணி

யாலாவியில் சமதரை என்று இருந்தது ஒன்றுதான்,
கோயிலுக்கு முன்னால், எண்பதடிக்கு நாற்பது.
அதுவும் சமமில்லை. தெற்கே ஒரு முழம் சரியும்.
அங்கேதான் காப்பிக்கொட்டை காயும், கழுதை புரளும்,
ஊர்க்கூட்டம் கூடும், பிணம் இறங்கி இளைப்பாறும்.

ஐம்பத்திரண்டில் ஓவாஹாகாவிலிருந்து சாலை கிடையாது.
ஒரு வாத்தியார் வந்தார், கோவேறு கழுதை மேல்,
காற்றில்லாத பந்தொன்றைத் தொப்பிக்குள் மடித்துக்கொண்டு.
பன்றியின் மூத்திரப்பை என்று நினைத்தோம்.
அவருக்கு சப்போட்டெக் வராது, எங்களுக்கு ஸ்பானிஷ் வராது.
மூன்றாம் மாதம் காய்ச்சலில் கிளம்பிவிட்டார்,
விதிகளில் பாதியைச் சொல்லாமலே.

மீதிப் பாதியை நாங்களே போட்டுக்கொண்டோம்.

தெற்கில் சுவர் இல்லை, பள்ளத்தாக்கு.
எறிந்தவன் கை தவறினால் எறிந்தவனே இறங்க வேண்டும்.
இறங்கக் கால் மணி, ஏற அரை மணி.
மற்ற ஒன்பது பேரும் அப்படியே தரையில் உட்கார்ந்து
சோளம் உரிப்பார்கள்.

அதனால்தான் எங்கள் ஆட்டம் அப்படி:
தூரத்திலிருந்து எவனும் எறிய மாட்டான்.
கைக்குக் கை, இடுப்புக்குக் கீழே,
பக்கத்து வீட்டுக்கு நெருப்புக் கொண்டுபோவது போல
பொத்திப் பொத்திக் கூடைவரை.
மேலூர்க்காரர்கள் எங்களை எலிகள் என்றார்கள்.
எலிகள் ஏழு காளை ஜெயித்தன.
கணக்கு என்னிடம் இருக்கிறது.
நான் கிரிசோஃபொரோ, ஊர்க்குழு எழுத்தன்.
ஓராண்டுச் சம்பளமில்லா வேலை,
என் கையெழுத்து புரிகிறது என்ற குற்றத்துக்கு
முப்பத்தெட்டு ஆண்டாகிவிட்டது.

விதி அப்படி. நடந்தது வேறு.
தவறவிட்டவன் நின்ற இடத்தில் நிற்பான்,
தங்கை இறங்குவாள்.

அறுபத்தெட்டு, திருவிழா, முப்பத்தொன்றுக்கு முப்பது.
பந்து போயிற்று. செனாய்டா போனாள்.
வரவில்லை.
கூப்பிட்டார்கள். பித்தளைக் குழல் ஊதினார்கள்.
கீழே, ஆற்றங்கல் மேல், பந்தை மடியில் வைத்து
அவள் உட்கார்ந்திருந்தது விளிம்பில் நின்றவர்களுக்குத் தெரிந்தது.
இருட்டியது. காளையைக் கட்டிப்போட்டார்கள்.
மறுநாள் கூட்டத்தில் ஒரே கேள்வி கேட்டாள்:
எடுத்துவர நாங்கள், எறிய நீங்களா?

அந்தப் பக்கத்தை நான் எழுதவில்லை, எனக்கு அப்போது நாலு வயது.
பழைய எழுத்தன் அதில் மை கொட்டியிருக்கிறான்,
தெரிந்தோ தெரியாமலோ.

பெண்கள் அணி முதல் ஆண்டே ஜெயித்தது.
பதினைந்து வருஷம் ஏறி இறங்கிய கால்கள் அவை,
கடைசிக் கால் மணியில் எதிரணிக்கு மூச்சு வாங்கும்,
இவர்கள் அப்போதுதான் ஓடத் தொடங்குவார்கள்.
காளையை விற்றார்கள். பணம் என்னாயிற்று என்று
ஆண்கள் இன்றுவரை விசாரிக்கிறார்கள்.

தொண்ணூற்றொன்றில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பணம் வந்தது,
சலவைக்கூடத்திலும் சமையற்கட்டிலும் நின்றவர்கள் சேர்த்தது.
சிமெண்டு, ரசமட்டம், பள்ளத்துப் பக்கம் ஆளுயரம் மும்மடங்கு கம்பிவலை.
இரண்டு இரவு வாக்குவாதம்.
பிறகு ஒன்பது ஆண்டு தோற்றோம்,
சரிவில்லாத தரையில் எங்கே நிற்பது என்று
கால்களுக்குத் தெரியவில்லை.

இப்போது பன்னிரண்டு வயசுப் பொடிசுகள்
பாதி மைதானத்திலிருந்து எறிகிறார்கள். தவறினால் வலை திருப்பித் தருகிறது.
விழுகிறது, விழவில்லை, விழுகிறது.
எழுதி எழுதி என் கட்டைவிரல் வலிக்கிறது.
நன்றாகத்தான் ஆடுகிறார்கள், சொல்லக்கூடாதா என்ன.

போன மாதம் கைப்பேசியில் ஒரு காட்சி வந்தது.
லாஸ் ஏஞ்சலஸ், பள்ளி மைதானம், நம் பெண்கள் அணி.
ஒருத்திகூட யாலாவியைக் கண்ணால் பார்த்ததில்லை.
பந்து மதில் தாண்டித் தெருவில் விழுகிறது.
எறிந்தவள் வாசல் நோக்கி ஓடுகிறாள்.
மற்ற நாலு பேர்
பேசி வைத்தது போல் தரையில் உட்காருகிறார்கள்.
நடுவர் விசில் ஊதுகிறார், எழுந்திருக்கச் சொல்கிறார்,
எதிரணி சிரிக்கிறது.

இரண்டு நிமிடத்தில் பந்து வந்துவிட்டது.
நோட்டில் நேரம் எழுத ஒரு கட்டம் உண்டு.
இரண்டு என்று எழுதினேன்.