உயிருள்ள பூஜ்யம்

கெமி காகித ஆலை. மைனஸ் முப்பத்தொன்று.
திரையில் ஏழாம் தொட்டியின் மின்னோட்டம்: 3.6

"காலியா?" வாக்கி டாக்கியில் வெய்யோ.
"காலிக்கு நாலு வரும். கம்பி அறுந்தால் பூஜ்யம்.
இது உடம்புக்கு முடியாதது."
கையுறையைப் பல்லால் உருவுகிறாள் ஆவ்லிக்கி.

மூடிக்குள் நகக்கண் அளவு சில்லு.
சோறும் சொல்லும் அதே இரண்டு கம்பியில்;
நாலு மில்லி ஆம்பியருக்குள் வயிறு கழுவிக்கொண்டால்தான்
மிச்சத்தில் பேச முடியும்.

உணரியின் முனையில் உறைபனி நெம்பிய திருகு.
கால் சுற்று.
"11.2" என்கிறான் வெய்யோ, காபி உறிஞ்சும் சத்தத்தோடு.

ஏணியிலிருந்து இறங்கிப் போனைப் பார்க்கிறாள்.
ஊலுவிலிருந்து மகள்
இரவுதோறும் ஒரு புள்ளி அனுப்புவாள்,
சொல்ல ஒன்றுமில்லை என்பதற்கு.

இன்று புள்ளி இல்லை.

கண்ணாடிப் பனியைச் சுரண்டாமலே
காரைக் கிளப்புகிறாள்.